மூன்றடித் தொட்டியிலிருந்து நாலடித் தொட்டிக்கு: கடல்மீன்களையும் பவளங்களையும் பாதுகாப்பாக மாற்றுதல்

தம்பி, உங்கள் கேள்வியை முதலில் ஒழுங்காக எடுத்து வைக்கிறேன். திருகோணமலை உப்புவெளியில் உள்ள உங்கள் வீட்டில் மூன்று வருடங்களாக நல்ல நிலையில் இருக்கும் மூன்றடிக் கடல்நீர்த் தொட்டியில் ஒரு சோடி கோமாளி மீன்கள், ஒரு பவுடர் புளூ டாங் மீன், மணலுக்குள் புகுந்து உறங்கும் ஒரு ராஸ் மீன், ஒரு சிறிய கோபி மீன் ஆகியவையும், யூஃபிலியா, சோவாந்தஸ், காளான் பவளம் ஆகிய பவள வகைகளோடு, பூப்போல விரியும் கடலுயிரான ஒரு கடலனிமனியும் இருக்கின்றன. நாலடி நீளமும் இரண்டடி அகலமும் இரண்டடி உயரமும் கொண்ட புதிய தொட்டியை அதே சுவரோரத்தில், பழையது நிற்கும் இடத்திலேயே வைக்க வேண்டியிருக்கிறது. பழைய தண்ணீர் முழுவதையும் கொண்டுபோக வேண்டுமா, பழைய மணலை அப்படியே போடலாமா, புதிய தொட்டியை ஒரு மாதம் வெறுமனே ஓடவிட வேண்டுமா, மீதி இடத்தை நிரப்ப நிலாவெளிக் கரையிலிருந்து கல் எடுத்து வரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இந்த நான்கு கேள்விகளுக்கும் விடை ஒரே இடத்தில்தான் இருக்கிறது. உங்கள் தொட்டியின் உயிர் அதன் கற்களில் இருக்கிறது. மீன்கள் வெளியேற்றும் அமோனியாவை நைத்திரைற்றாகவும், அதனைப் பின்னர் நைத்திரேற்றாகவும் மாற்றும் பற்றீரியாக்கள் கல்லின் நுண்துளைகளிலும், வடிகட்டிப் பஞ்சிலும், மணலின் மேற்படையிலும் ஒட்டி வாழ்கின்றனவே தவிர, தண்ணீரில் மிதந்து திரிபவை மிகச் சொற்பம். ஆகவே பழைய கற்கள் அனைத்தும் ஈரம் காயாமல் புதிய தொட்டிக்குப் போய்ச் சேருமானால், மீன்களின் எண்ணிக்கையும் கூடாதிருக்குமானால், ஒரு மாதம் காத்திருக்க வேண்டிய தேவை இல்லை. ஒரே நாளில் மாற்றிவிடலாம். பழைய தண்ணீர் முழுவதையும் சுமப்பதாலும் பெரிய நன்மை ஏதும் வந்துவிடாது. பழைய மணலை அப்படியே அள்ளிப் போடுவதோ, என் அனுபவத்தில், இத்தகைய இடமாற்றங்களில் மீன்கள் சாவதற்கு முதற்காரணமாக இருந்து வருகிறது.

மணலைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். மூன்று வருட மணற்படுகையின் அடியில் மீனின் கழிவும் மிஞ்சிய உணவும் படிந்து, ஒட்சிசன் எட்டாத ஆழத்தில் ஐதரசன் சல்பைட்டு உருவாகியிருக்கக்கூடும். படுகை அசையாதிருக்கும் வரை அதனால் தீங்கில்லை. ஆனால் அதைக் கிளறிய கணத்திலேயே அழுகிய முட்டையின் நாற்றத்தோடு அந்த நச்சு வெளிப்படும். அதனுடன் அடைந்து கிடந்த அமோனியாவும் பொசுபேற்றும் சேர்ந்து கலங்கும். ஆகவே புதிய தொட்டிக்குப் புதிய அரகொனைற்று (சுண்ண) மணலை வாங்கி, தண்ணீர் தெளியும்வரை பல தடவை கழுவிப் போடுங்கள். பழைய மணலின் மேற்படையிலிருந்து மட்டும் ஒன்றிரண்டு கோப்பை எடுத்துப் புதிய மணலின்மேல் தூவினால், அதில் வாழும் நுண்ணுயிர்களும் சிறு புழுக்களும் புதிய இடத்தில் பெருகத் தொடங்கும். மீதியை வேண்டுமானால் நன்கு கழுவிக் காயவைத்துப் பிறிதொரு நாளில் பயன்படுத்தலாம். ராஸ் மீன் மணலுக்குள் உறங்குவதால் அதற்கு இரண்டங்குல ஆழமாவது வேண்டும் என்பதையும் கவனத்தில் வையுங்கள்.

அடுத்தது தண்ணீர். உங்கள் புதிய தொட்டியின் மொத்தக் கொள்ளளவு ஏறத்தாழ 450 லீற்றர். மேல்விளிம்பில் விடும் இடைவெளியையும் கல்லும் மணலும் பிடிக்கும் இடத்தையும் கழித்தால் 350 முதல் 380 லீற்றர் வரை தண்ணீர் கொள்ளும். பழைய தொட்டியின் மேற்பகுதியிலுள்ள தெளிந்த நீரில் நூறு லீற்றரளவு எடுத்துக்கொண்டால் போதும், அடியிலுள்ள கலங்கல் வேண்டாம். மீதியை முதல்நாளே கலக்கி, பம்பி ஓடவிட்டு, ஒரு முழுநாளாவது வைத்திருக்க வேண்டும். அப்போதே கலக்கிய உப்புநீர் மீன்களின் செவுளுக்கும் பவளத்தின் தசைக்கும் எரிச்சலைத் தரும். செயற்கை உப்பாயின் லீற்றருக்கு 35 முதல் 38 கிராம் வரை செல்லும். அளவைக் கையால் மதிப்பிடாமல் உவரளவு காட்டும் கருவியான ரிஃப்ராக்டோமீற்றரால் அளந்து, பழைய தொட்டியிலுள்ள அதே உவர்த்தன்மைக்குக் கொண்டு வாருங்கள். ஆயிரத்துக்கு 35 பங்கு, அதாவது சாரடர்த்தி 1.026 அளவு, நல்லது. ஆனால் உங்கள் பழைய நீர் 1.023 இல் இருந்தால் புதியதையும் அதே 1.023 இல் கலக்கி, பின்னர் சில வாரங்களில் மெல்ல உயர்த்துவதே முறை. மாற்றும் நாளில் எண்ணைத் திருத்துவதைவிட இரண்டு நீரையும் ஒத்திருக்கச் செய்வதே முக்கியம்.

பலர் கவனியாமல் விடுவது காரத்தன்மை. சில உப்பு வகைகள் 11, 12 டிகேஎச் (காரத்தன்மையை அளக்கும் அலகு) வரை காரத்தன்மையோடு வருகின்றன. கடலில் இயற்கையாக இருப்பது ஏறத்தாழ 7 தான். உங்கள் பழைய நீர் 7.5 இல் நிற்கையில் புதிய நீர் 11 இல் இருந்தால், மீன்களுக்கு ஒன்றும் தெரியாது. யூஃபிலியா போன்ற கற்பவளங்களோ நுனி கருகி, தசை எலும்பிலிருந்து கழன்று போகும். கலக்கிய நீரைச் சோதித்துப் பாருங்கள்; இடைவெளி அதிகமாயின் வேறு உப்பைத் தேடுங்கள்.

நீங்கள் கடல்நீரையே பயன்படுத்தும் எண்ணத்தில் இருந்தால், திருகோணமலையில் அது எப்போதும் ஒரே நீராக இருப்பதில்லை என்பதை மறக்கக்கூடாது. மாரி காலத்தில் மகாவலியின் வெள்ளம் கொட்டியாரக் குடாவில் வந்து விழும்போது அங்குள்ள நீர் கலங்கி, உவர்த்தன்மையும் இறங்கிவிடும். உள்துறைமுகத்தின் நீரில் கப்பல் எண்ணெயும் நகரத்தின் கழிவுநீரும் கலந்திருக்க இடமுண்டு. அதைத் தொட்டிக்கு எடுக்கவே வேண்டாம். மழை ஓய்ந்து கடல் அமைதியடைந்த மாதங்களில், ஆற்றுவாய்க்கும் ஓடைக்கும் ஹோட்டல்களின் வடிகாலுக்கும் தொலைவான திறந்த கரையிலிருந்து எடுத்து, அடர்ந்த துணியில் வடித்து, ஒளிபடாத மூடிய தாங்கியில் இரண்டு வாரங்களுக்குக் குறையாமல் வைத்திருந்து, மேலுள்ள தெளிவை மட்டும் எடுத்து, காற்றூட்டி, உவர்த்தன்மையை அளந்த பின்னரே ஊற்ற வேண்டும். செயற்கை உப்பைக் கலக்குவதற்கும் ஆவியாதலை ஈடுசெய்வதற்கும் நுண்சவ்வினால் வடித்துச் சுத்திகரித்த ஆர்ஓ நீரே நல்லது. குழாய்நீரில் குளோரின் இருக்கும். கரையோரக் கிணறுகளில் உவரும் சுண்ணமும் கூடியிருக்கும்.

கல்லைப் பற்றிய கேள்விக்கு என் பதில் உறுதியானது: எடுக்க வேண்டாம். நிலாவெளிக்கு எதிரேயுள்ள புறாத்தீவு 2003 இல் தேசியப் பூங்காவாக்கப்பட்டது. அங்கிருந்து எதையும் எடுத்து வர முடியாது. பூங்காவுக்கு வெளியேயும் கற்பவளங்கள் வனசீவராசிகள், தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் காக்கப்படுகின்றன. அலையில் ஒதுங்கிய முருகைக்கல் துண்டுகளையும் அங்கேயே விட்டுவிடுங்கள். நம்முடைய கரை ஏற்கெனவே பவளம் வெளிறுதலாலும் முட்கிரீட நட்சத்திர மீன்களாலும் நங்கூரங்களாலும் மிகவும் அடிபட்டிருக்கிறது. வீட்டில் பவளம் வளர்க்கும் நாம் அதன்மேல் இன்னுமொரு சுமையைச் சேர்க்கலாகாது. கடையில் கிடைக்கும் செயற்கைக் காய்ந்த கல்லை வாங்கி, மாற்றத்துக்கு ஒன்றிரண்டு மாதங்களுக்கு முன்னரே உப்புநீர்த் தாங்கியில் பம்பியோடு ஊறவைத்து, பொசுபேற்று வெளியேறுகிறதா என்று சோதித்துக்கொள்ளுங்கள். பவளங்களை, தொட்டியில் வளர்ந்ததை நறுக்கிப் பகிர்ந்துகொள்பவர்களிடமிருந்து பெறலாம்.

தொட்டியை வைக்கும் இடம் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. தண்ணீர் மட்டும் 360 முதல் 390 கிலோ வரை வரும். 12 மில்லிமீற்றர் கண்ணாடி ஏறத்தாழ 90 கிலோ. அதன்மேல் கல்லும் மணலும் தாங்கியும். தரைத்தளத்துக் கொங்கிறீற்றுத் தரை தாங்கும். மேல்மாடியாயின் கட்டடம் அறிந்தவரிடம் கேளுங்கள். புதிதாக ஒட்டிய தொட்டியாயின் சிலிக்கன் பசையின் வினாகிரி வாடை முற்றாக நீங்கும்வரை ஒரு வாரமாவது விட்டு, பின்னர் நன்னீர் நிரப்பி இரண்டு மூன்று நாட்கள் ஒழுக்குப் பாருங்கள். இதை வீட்டு விறாந்தையில் வைத்துச் செய்யலாம்.

இனி நாளைத் தெரிவு செய்தல். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் பகல் வெப்பம் 35 பாகையை நெருங்கும் ஊர் இது. நீர் சூடேறச் சூடேற அதில் கரைந்திருக்கும் ஒட்சிசன் குறையும்; கடல்நீர் நன்னீரைவிடவும் குறைவாகவே ஒட்சிசனைப் பிடித்து வைத்திருக்கும். 30 பாகையில் முழுமையாகக் காற்றூட்டிய கடல்நீரிலும் லீற்றருக்கு ஆறு மில்லிகிராமுக்குச் சற்று மேலேதான் இருக்கும். ஒரு வாளிக்குள் அடைபட்ட டாங் மீன் அதை விரைவில் தீர்த்துவிடும். ஆகவே மாரி முடிந்து கச்சான் தொடங்குமுன் உள்ள நாட்களே நல்லவை என்பது என் கருத்து. எந்த மாதமானாலும் விடியற்காலையில் தொடங்குங்கள். மின்தடை அறிவித்தல் இல்லாத நாளாக இருக்கட்டும். இருந்தாலும் பற்றரியில் இயங்கும் காற்றுப்பம்பி இரண்டு கைவசம் வேண்டும். உதவிக்கு இன்னொருவர் இல்லாமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம்.

மாற்றுவதற்கு முதல்நாள் மீன்களுக்கு உணவு கொடுக்காதீர்கள். வயிறு வெறுமையாக இருந்தால் வாளி நீர் அழுக்காகாது. மூடியுள்ள பெரிய வாளிகளும், வெப்பத்தைத் தடுக்கும் ரெஜிபோம் பெட்டிகளும் தயாராக இருக்கட்டும். அவற்றில் சவர்க்காரமோ வேறு இரசாயனமோ பட்டிருக்கக் கூடாது. பழைய தொட்டியின் மின்சாரத்தை நிறுத்தியதும், முதலில் தெளிந்த நீரைப் பெட்டிகளுக்கு இறக்குங்கள். கலக்கிவிட்ட பின்னர் அந்த நீர் உங்களுக்குக் கிடையாது.

பவளங்களை முதலில் எடுக்க வேண்டும். யூஃபிலியா நீரால் ஊதிப் பெருத்திருக்கும்போது வெளியே தூக்கினால், தன் பாரத்தாலேயே அதன் தசை எலும்பின் கூரிய விளிம்பில் கிழிந்துவிடும். நீருக்குள் விரலால் மெல்லத் தட்டி, அது சுருங்கும்வரை பொறுத்து, கீழுள்ள எலும்புப் பகுதியைப் பிடித்துத் தூக்குங்கள்; இயலுமாயின் நீருக்குள்ளேயே ஒரு பாத்திரத்தில் ஏந்தி எடுங்கள். சோவாந்தஸ் விடயத்தில் உங்களுடைய பாதுகாப்பும் அடங்கியிருக்கிறது. அதன் உறவினமான பலித்தோவாவிலும் சில சோவாந்தஸ்களிலும் பலிடொக்சின் என்னும் கடுமையான நஞ்சு உண்டு. கையுறையும் கண்ணாடியும் அணியுங்கள். அவை ஒட்டிய கல்லைத் தூரிகையால் தேய்க்கவோ வெந்நீர் ஊற்றவோ வேண்டாம், ஏனெனில் எழும் ஆவியைச் சுவாசித்து முழுக் குடும்பங்களே வைத்தியசாலைக்குப் போன சம்பவங்கள் வெளிநாடுகளில் பதிவாகியிருக்கின்றன. சிறு பிள்ளைகளை அன்று அந்த அறைக்குள் விடாதீர்கள்.

கடலனிமனியை இழுத்துப் பிடுங்கவே கூடாது. அதன் அடிப்பாதம் கிழிந்தால் பெரும்பாலும் பிழைக்காது. சிறு கல்லில் ஒட்டியிருந்தால் கல்லோடு எடுங்கள். பெரிய கல்லாயின் அந்தக் கல் முழுவதையும் தனிப் பெட்டியில் வைத்து மாற்றுங்கள். அது இறந்தாலோ பம்பியின் வாயில் சிக்கினாலோ முழுத் தொட்டியையும் கெடுத்துவிடும் என்பதால், புதிய தொட்டியில் எல்லாப் பம்பிகளின் உறிஞ்சும் வாய்க்கும் பஞ்சு அல்லது வலை மூடி போட்ட பின்னரே அதை இறக்க வேண்டும்.

அதன்பின் கற்கள். ஒவ்வொரு கல்லையும் தூக்கி வாளிக்கு மேலே சில விநாடிகள் பிடியுங்கள்; துளைகளில் ஒளிந்திருக்கும் கோபியும் இறாலும் நீர் வடியும்போது வெளியே விழும். பற்றீரியாக்கள் சில நிமிடக் காற்றுக்கு அஞ்சமாட்டா. கல்லில் வளரும் கடற்பஞ்சுகள் மட்டும் காற்றுப்பட்டால் இறந்து பின்னர் அழுகும். பஞ்சு நிறைந்த கற்களை நீருக்குள்ளேயே மாற்றப் பாருங்கள். எல்லாக் கல்லும் வெளியேறிய பின்னர், நீர்மட்டம் ஆறங்குலத்துக்கு இறங்கியிருக்கும் நிலையில், மீன்களைப் பிடிப்பது மிக எளிது. கற்கள் இருக்கும்போதே வலையோடு துரத்துவது மீனை வெருட்டுவதைத் தவிர வேறெதையும் சாதிக்காது. டாங் மீனின் வாலடியில் கத்தி போன்ற முள் இருப்பதால் அது வலையில் சிக்கித் தன்னையும் காயப்படுத்தும், உங்கள் கையையும் வெட்டும். ஒரு தெளிந்த பிளாஸ்ரிக் பாத்திரத்தை அமிழ்த்தி, இன்னொரு கையால் அதற்குள் ஒதுக்கி, நீரோடு தூக்குங்கள். டாங்கைத் தனி வாளியில் விட்டு மூடுங்கள். இருட்டில் மீன் அமைதியாகும். ராஸைக் காணவில்லை என்றால் பதற வேண்டாம், அது மணலுக்குள் புதைந்திருக்கும். மணலை அள்ளும்போது கையால் மெதுவாகத் தடவித் தேடுங்கள், கரண்டியால் குத்த வேண்டாம்.

பழைய தொட்டி அகன்று புதியது நின்றதும் கல்லைக் கண்ணாடித் தளத்தின்மேல் உறுதியாக அடுக்கி, அதைச் சுற்றி மணலைப் பரப்புங்கள். மணலின்மேல் கல்லை வைத்தால், மீன் அடியில் தோண்டும்போது சரியும். நீரை ஒரு தட்டின்மேல் விழச் செய்து ஊற்றினால் கலங்கல் குறையும். பழைய வடிகட்டியையும் அதன் பஞ்சையும் கழுவாமல் அப்படியே இணையுங்கள். அன்று எதையும் துப்புரவாக்கும் நாளல்ல. புதிய செயற்படு கரி ஒரு பையில் போடலாம். வெப்பநிலையும் உவர்த்தன்மையும் வாளி நீரோடு ஒத்திருக்கிறதா என்று அளந்து, பவளங்களை அடியில் வைத்து, கலங்கல் ஓரளவு தெளிந்த பின் மீன்களை விடுங்கள்.

மணிக்கணக்காகச் சொட்டுச் சொட்டாக நீர் பழக்கும் முறை இங்கே வேண்டுமா என்று சிலர் கேட்பார்கள். கொழும்பிலிருந்து பையில் நெடுநேரம் பயணப்பட்டு வரும் மீனின் நிலை வேறு. மூடிய பையில் காபனீரொட்சைட்டுச் சேர்ந்து பிஎச் இறங்கியிருக்கும். பிஎச் ஓரலகு இறங்கினால் அமோனியாவின் நச்சு வடிவப் பங்கு ஏறத்தாழப் பத்திலொன்றாகிவிடுவதால் மீன் தாக்குப் பிடிக்கும். பையைத் திறந்ததும் வாயு வெளியேறி பிஎச் ஏற, அதே அமோனியா நஞ்சாகிறது. அந்த நீரில் நெடுநேரம் வைத்திருப்பதே தீங்கு. உங்கள் மீன்களோ அதே வீட்டில், காற்றூட்டிய வாளியில், சில மணித்தியாலங்கள்தான் இருக்கின்றன. இரண்டு நீரும் ஒத்திருந்தால் நேரடியாக விடலாம். வாளி நீரைத் தொட்டிக்குள் ஊற்றாமல் மீனை மட்டும் மாற்றுங்கள்.

ஒளியைப் பற்றி எச்சரிக்க வேண்டியிருக்கிறது, ஏனெனில் மீன்கள் எல்லாம் பிழைத்த பின்னர் பவளங்கள் இழக்கப்படுவது பெரும்பாலும் இதனால்தான். பெரிய தொட்டிக்குப் புதிய, வலிய எல்ஈடி விளக்கு வாங்கியிருப்பீர்கள். பவளத்தின் தசைக்குள் வாழ்ந்து அதற்கு உணவூட்டும் நுண்பாசிகள் பழைய ஒளிக்குப் பழகியவை. திடீரென முழு ஒளி பட்டால் பவளம் அவற்றை வெளியேற்றி வெளிறிவிடும். முதல் நாள் விளக்கை அணைத்தே வைத்து, மறுநாள் முழு வலுவில் நூற்றுக்கு நாற்பது அளவில் தொடங்கி, மூன்று நான்கு வாரங்களில் படிப்படியாக ஏற்றுங்கள். பவளங்களை அடியிலிருந்து மேலே நகர்த்துவதும் அதே வேகத்தில் நடக்கட்டும். ஒளியையும் இடத்தையும் ஒரே வாரத்தில் மாற்ற வேண்டாம்.

முதல் இரண்டு வாரங்களுக்கு நாள்தோறும் அமோனியாவையும் நைத்திரைற்றையும் சோதியுங்கள். கல் முழுவதும் மாறியிருந்தாலும், இறந்துபோன சிற்றுயிர்களால் ஒரு சிறிய ஏற்றம் வரலாம். அமோனியா லீற்றருக்கு 0.25 மில்லிகிராமை எட்டினால் உணவை நிறுத்தி, முன்கூட்டியே கலக்கி வைத்த நீரால் ஐந்திலொரு பங்கை மாற்றுங்கள். அதற்காகவே ஒரு தாங்கி நீர் மேலதிகமாக வைத்திருப்பது நல்லது. இரண்டாம் நாள் சொற்ப உணவு கொடுங்கள். ராஸும் கோபியும் புதிய இடத்தில் முதல் இரவுகளில் துள்ளி வெளியே விழும் இயல்புடையவை, ஆகவே மேலே வலை மூடி அவசியம். பெரிய நீர்ப்பரப்பில் ஆவியாதலும் கூடும். நாளுக்குச் சில லீற்றர் ஆர்ஓ நீர் சேர்க்க வேண்டிவரும். ஒருபோதும் அதற்கு உப்புநீர் ஊற்றாதீர்கள். வெப்பம் 28 பாகையைத் தாண்டினால் நீர்ப்பரப்பின்மேல் சிறு மின்விசிறி ஒன்று இரண்டு மூன்று பாகை இறக்கித் தரும்.

டாங் மீனின் உடலில் உப்புத் தூவியதுபோன்ற வெண்புள்ளிகள் தோன்றுகின்றனவா என்று காலையும் மாலையும் பாருங்கள். இடமாற்றத்தின் பின்னர் வெண்புள்ளி நோய் முதலில் தாக்குவது இந்த இனத்தைத்தான். அந்த நோய்க்கான செப்பு மருந்தைப் பவளங்கள் உள்ள தொட்டியில் ஒரு துளியும் இட முடியாது. பவளமும் இறாலும் இறந்துவிடும். ஆதலால் பழைய மூன்றடித் தொட்டியை விற்றுவிடாதீர்கள். அதைக் கழுவி, மணலும் கல்லும் இல்லாமல், ஒரு பஞ்சு வடிகட்டியோடும் இரண்டு பிவிசி குழாய்த் துண்டுகளோடும் தயார் நிலையில் வையுங்கள். அந்தப் பஞ்சைப் புதிய தொட்டியின் வடிகட்டியறையில் இப்போதே போட்டு வைத்தால் தேவைப்படும் நாளில் பற்றீரியா ஊறியதாகவே கிடைக்கும். புதிய மீன் எதையும் ஆறு வாரங்களுக்கு வாங்க வேண்டாம்; வாங்கும்போது அதையும் முதலில் அந்த மூன்றடித் தொட்டியில் நான்கு வாரங்களாவது தனிமையில் வைத்த பின்னரே பெரியதில் விடுங்கள்.